விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு முன்னர் அந்த அறைக் கதவுக்கு ஒரு கொண்டி போடுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் பொதுச் சுகாதாரச் சேவையை நடத்தும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெண்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும் பெண்களின் தொகை போதாது, எங்கள் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை, ஆகவே ஊர்வலமும் பதாகையும் துண்டுப்பிரசுரமுமாக இறங்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கிளினிக்கின் பரிசோதனைக் கட்டிலில் படுத்த பெண்களும், அதன் ஓரத்தில் கையுறை போட்டு நின்று வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நோயைப் பிழையாகக் கணித்திருக்கிறீர்கள். அதனால் மருந்தும் பிழைத்துப் போகிறது.

எங்கள் பெண்களுக்கு விஷயம் தெரியும். 35 வயது நடக்கும்போது மிட்வைஃப் மிஸ் வீட்டு வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். 45 இல் இன்னொரு தரம் கூப்பிடுகிறார். இந்த நாட்டில் இந்தக் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கியவை. அப்போது பிறந்த பிள்ளைகளே இன்று தாய்மார். பிரஷர் பார்க்க, சீனி பார்க்க, மார்பகத்தைச் சோதிக்க வரிசையில் பொறுமையாக நிற்கிற அதே பெண், பாப் பரிசோதனை (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்க, அங்கிருந்து கலங்களைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது) அறைக்கு முன்னால் வந்ததும், "இண்டைக்கு ஏலாது மிஸ், மாதவிலக்கு" என்று நழுவிவிடுகிறாள். அவளுக்கு மாதவிலக்கு இல்லை என்பது மிஸ்ஸுக்கும் தெரியும். ஏன் நழுவுகிறாள் என்பதைத்தான் இதுவரை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மூன்று பதில்கள் கிடைத்திருக்கும்: வெட்கம், நோ, முடிவு வராமை. மூன்றும் அவளுடைய மூளைக்குள் இருப்பவை அல்ல. உங்கள் அறைக்குள் இருப்பவை.

அறையிலிருந்தே தொடங்குவோம். பல இடங்களில் அது வேறு தேவைக்காகக் கட்டிய அறை. தடுப்பூசி அறையின் ஒரு மூலை, அல்லது களஞ்சியத்தின் பாதி. கதவுக்கு உள்கொண்டி இல்லை. ஒருவர் படுத்திருக்கும்போது பதிவேட்டைத் தேடி ஒருவர் உள்ளே வருவார், கையுறைப் பெட்டி எடுக்க இன்னொருவர் வருவார். கட்டிலின் கால்மாடு கதவைப் பார்த்திருக்கிறது. தலைமாட்டைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட ஒரு சதம்கூடச் செலவில்லை. இரண்டு பேர் பிடித்தால் போதும். ஆண்டுக்கணக்கில் யாரும் பிடிக்கவில்லை. திரைச்சீலை இருக்கும் இடங்களில் அது கட்டிலின் முக்கால்வாசிக்குத்தான் எட்டுகிறது. யன்னல் கண்ணாடியில் பழைய நாட்காட்டித் தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு மூலை உரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். கருப்பைக் கழுத்தைப் பார்ப்பதற்கு நெளியும் கழுத்துள்ள நிலை விளக்கு ஒன்று வேண்டும். அது பழுதானால் சில இடங்களில் உதவிக்கு நிற்பவரின் கைத்தொலைபேசியை எடுத்து லைற் அடிக்கிறார்கள். படுத்திருப்பவளுடைய பக்கத்தில் இருந்து இதை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். கமரா உள்ள ஒரு போன், அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே. படம் எடுக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு அவள் வரமாட்டாள். அவளுடைய தங்கச்சியும் மச்சாளும் வரமாட்டார்கள். ஒரு பெண் போய்ச் சொல்கிற கதை, நீங்கள் அச்சிடுகிற துண்டுப்பிரசுரத்தைவிட வேகமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும்.

மலசலகூடம் எங்கே வந்தது இதற்குள் என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால், பிறப்புறுப்பைத் திறந்து வைக்கும் கருவி உள்ளே போகும்போது அமுக்கும், நோகும், கருப்பைக் கழுத்தும் சரியாகத் தென்படாது. ஆகவே, கட்டிலில் ஏறுவதற்குச் சற்று முன்னர் ஒவ்வொரு பெண்ணும் சிறுநீர் கழிக்க வேண்டும். அதற்கு மலசலகூடம் பூட்டாமல் இருக்க வேண்டும், அதில் தண்ணீர் வர வேண்டும். குச்சவெளிப் பக்கமிருந்தோ வெருகல் பக்கமிருந்தோ பஸ்ஸில் வந்து இறங்கியவளை இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருத்திவிட்டு, சாவி யாரிடம் என்று தேடவிட்டால், வலியின் பாதியை நாங்களே செய்து வைத்தவர்கள் ஆகிறோம்.

உடுப்புப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உள்ளாடையை மட்டும் கழற்றினால் போதும். சேலையாக இருந்தாலும் அபாயாவாக இருந்தாலும் உயர்த்திக்கொள்ளலாம். மேலுடுப்பைத் தொடவே தேவையில்லை. மார்பகப் பரிசோதனையை இதற்கு முன்னரோ பின்னரோ தனியாகச் செய்யலாம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை மூடும் ஒரு துணி கொடுத்தால், பெண் தானே அதைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். துணி இல்லை என்றால் வீட்டிலிருந்து ஒரு சீத்தைத் துண்டு கொண்டு வரச் சொல்லலாம். இதையெல்லாம் மிட்வைஃப் கொடுக்கும் அழைப்புத் துண்டின் பின்பக்கத்தில் நான்கு வரியில் அச்சிடலாம். அதே இடத்தில் இன்னும் இரண்டு வரி: மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து வரவும், முந்தைய இரண்டு நாட்களுக்கு உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும், உட்புறத்தைக் கழுவுவதும் வேண்டாம். இப்போது இதை எல்லாம் வந்து இருந்த பிறகு சொல்லி, திருப்பி அனுப்புகிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் நாட்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது ஒரு நாட் சம்பளம்.

இனி நோ. இந்தப் பரிசோதனை அந்தரமானது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நோக வேண்டியதில்லை. கருவி உள்ளே இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடந்தான். அந்த நிமிடங்களை நோவாக மாற்றுவது எது என்று இந்த வேலையைச் செய்த எல்லோருக்கும் தெரியும்.

நாம் பாவிப்பது கஸ்கோ வகை ஸ்பெகுலம். வாத்தின் அலகு போல இரண்டு தகடுகள், பக்கத்தில் ஒரு திருகாணி. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகளில் வருகிறது. கிளினிக்கில் இருப்பது பெரும்பாலும் நடுத்தரம் மட்டும். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கி உட்புறம் உலர்ந்த பெண்ணுக்கும், பிள்ளைகளை எல்லாம் சத்திரசிகிச்சையில் பெற்ற பெண்ணுக்கும், பிள்ளையே பெறாத பெண்ணுக்கும் அது பெரிது. ஐந்தாறு பிள்ளை பெற்ற தாய்க்கு அதுவே சிறிது. பக்கச் சுவர்கள் உள்ளே சரிந்து கருப்பைக் கழுத்தை மறைக்கும். வைத்தியர் தேடித் தேடித் திறப்பார், அவள் பல்லைக் கடிப்பாள். அவளுக்குப் பெரிய அளவு வேண்டும். அது இல்லாவிட்டால் கையுறையின் ஒரு விரலை நுனி வெட்டித் தகடுகளின் மேல் மாட்டினால் சுவர் சரியாமல் நிற்கும். கழுத்து பின்பக்கம் திரும்பியிருந்தால், பெண்ணின் இரண்டு கைமுட்டிகளையும் அவளுடைய பிட்டத்துக்குக் கீழே வைக்கச் சொன்னால் இடுப்பு உயர்ந்து கழுத்து முன்னால் வரும். இந்த இரண்டுக்கும் காசு தேவையில்லை, சொல்லிக்கொடுக்க ஆள்தான் தேவை.

இரும்பு குளிரும். கெற்றிலில் சுடவைத்த தண்ணீரில் தோய்த்து, வெதுவெதுப்பை முதலில் பெண்ணின் தொடையில் தொட்டுக் காட்டிவிட்டு வைக்கலாம். அந்தத் தண்ணீரே வழுக்குவதற்கும் உதவும். ஜெல் பூசினால் சிலைட் (எடுத்த கலங்களைப் பூசும் கண்ணாடித் தகடு) பழுதாகும் என்று பயந்து ஒன்றுமே பூசாமல் வறட்டுக் கருவியை வைப்பது இன்னும் நடக்கிறது. தண்ணீரில் கரையும் ஜெல்லைக் கீழ்த்தகட்டின் வெளிப்பக்கத்தில் மட்டும், நுனியில் படாமல், மெல்லிசாகப் பூசினால் முடிவு பழுதாகாது. தகடுகளை மூடியபடி, சற்றுச் சரித்து, கீழ்நோக்கி முதுகுப்பக்கம் செலுத்த வேண்டும். மேலே சிறுநீர்த்துவாரம் இருக்கிறது. அங்கே அமுக்கினால்தான் பெண் துள்ளி எழும்புகிறாள். முழுவதும் உள்ளே போன பிறகுதான் திருப்பி, மெதுவாகத் திறக்க வேண்டும்.

எடுக்கும்போது நடக்கும் பிழை இன்னொன்று. கழுத்தை விட்டுச் சற்று வெளியே இழுத்த பிறகுதான் தகடுகளை மூட வேண்டும். அவசரத்தில் உள்ளேயே மூடினால் கழுத்தோ சுவரோ தகட்டுக்கிடையில் அகப்படும். "உள்ளுக்குக் கிள்ளிப்போட்டினம்" என்று பெண்கள் சொல்வது இதைத்தான். அந்த ஒரு வினாடியைத்தான் அவர்கள் பத்து வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து 45 வயதில் நீங்கள் திரும்பக் கூப்பிடுகிறீர்கள்.

அவசரம் ஏன் வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும், பணியாளர்களைக் குறை சொல்ல வரவில்லை. காலையில் வரும் பெண்களின் தொகைக்கு ஏற்ற ஸ்பெகுலம் இல்லாவிட்டால், பாவித்ததைக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் 121 பாகையில் வைத்து, ஆறவிட்டு எடுப்பதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். இடையில் மின்சாரம் நின்றால் சொல்லத் தேவையில்லை. கருவி வரும்வரை வரிசை நீளும். வந்ததும் எல்லோரையும் மதியத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த நெருக்கடியில்தான் சூடு ஆறாத கருவியும், வறட்டுக் கருவியும், கிள்ளலும் நடக்கின்றன.

இவ்வளவையும் ஒரு பெண் தாங்கிக்கொள்கிறாள் என்று வைப்போம். அதற்குப் பிறகு சிலைட் வீணாகிப் போவதுதான் எங்களுக்கு அதிக கோபம் தரும் விஷயம்.

ஸ்பச்சுலா என்ற மரக்குச்சியின் நீண்ட நுனியைக் கழுத்தின் வாயில் பதித்து ஒரு முழுச்சுற்று, 360 பாகை, சுற்ற வேண்டும். அரைச்சுற்றுப் போதாது. இரண்டு வகைக் கலங்கள் சந்திக்கும் வட்டத்தில்தான் புற்றாகக்கூடிய மாற்றம் தொடங்கும். அந்த வட்டம் முழுவதும் குச்சியில் பட வேண்டும். எடுத்ததைச் சிலைட்டில் மெல்லிசாக ஒரே இழுவையில் பூசி, வினாடிகளுக்குள் 95 வீத அற்ககோலில் போட்டுவிட வேண்டும். குறைந்தது 15 நிமிடம் அதில் கிடக்க வேண்டும். காயத்துக்குப் பாவிக்கும் 70 வீத ஸ்பிரிட் இதற்கு உதவாது. போட முன்னர் காய்ந்துவிட்டால் கலங்கள் வீங்கி, சாயம் சரியாகப் பிடிக்காமல் போகும். நுணுக்குக்காட்டியில் பார்ப்பவருக்கு நல்ல கலமும் கெட்ட கலமும் ஒன்றாகத் தெரியும்.

இப்போது கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடி மாதத்துத் திருகோணமலையை நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. யன்னலால் வறண்ட காற்று. சிலைட்டில் பெயர் எழுதவில்லை என்று அப்போதுதான் பென்சில் தேடுகிறார்கள். முடிந்தது, சிலைட் காய்ந்துவிட்டது. பெயரும் இலக்கமும் பெண் கட்டிலில் ஏறுவதற்கு முன்னரே, சிலைட்டின் சொரசொரப்பான முனையில், பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். பேனையால் எழுதினால் அற்ககோலில் கரைந்துபோகும். பெயர் மட்டும் எழுதினாலும் போதாது. ஒரே காலையில் ஒரே பெயரில் மூன்று பேர் வருகிற ஊர்கள் இவை. பூசுகிற அரை நிமிடத்துக்கு மின்விசிறியை நிறுத்தலாம். அற்ககோல் போத்தலின் மூடியைத் திறந்தபடி விட்டால் இந்த வெக்கைக்கு அது ஆவியாகி வீரியம் இறங்கிவிடும். ஒரே போத்தலுக்குள் சிலைட்டுகளை முகத்தோடு முகம் ஒட்டப் போட்டால் ஒருத்தியின் கலம் இன்னொருத்தியின் சிலைட்டில் ஏறும். ஒன்றுவிட்டொரு சிலைட்டின் முனையில் ஒரு காகிதக் கிளிப் செருகினால் அவை ஒட்டாது.

இப்படி வீணான சிலைட்டுக்கு "பார்க்கப் போதாது" என்று முடிவு வருகிறது. மாதங்கள் கழித்து மிட்வைஃப் வந்து, "திரும்ப ஒருக்கா வர வேணுமாம்" என்கிறார். காரணம் சொல்லப்படுவதில்லை. அந்த வீட்டில் அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள். புற்றுநோய் என்றே அந்தப் பெண் முடிவு கட்டிவிடுவாள். காற்றாடியை நிறுத்தாததுதான் காரணம் என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

முடிவு நல்லதாக இருந்தாலோ அதுவும் சொல்லப்படுவதில்லை. "ஒண்டும் சொல்லேல்லையெண்டால் ஒண்டும் இல்லையெண்டுதான் அர்த்தம்" என்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அது ஆபத்தான வழக்கம். தொலைந்த சிலைட்டுக்கும் நல்ல சிலைட்டுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. மாற்றம் காணப்பட்ட பெண்ணுக்கு அடுத்த கட்டம் கொல்பொஸ்கோப்பி. வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலத்தை 3 முதல் 5 வீதக் கரைசலாகப் பூசி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பெருப்பித்துப் பார்ப்பது. தேவைப்பட்டால் அதிலிருந்து ஒரு துணுக்கு எடுப்பது. அது எங்கே, எந்த நாளில், யாரிடம் போவது என்று தமிழில் எழுதிய ஒரு துண்டு அவள் கையில் இருக்க வேண்டும். இப்போது இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதம். அதைப் பக்கத்து வீட்டில் படித்த பிள்ளையிடம் காட்டினால் ஊருக்கே செய்தி.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகமும் கலந்து வாழ்கிறது. தமிழ் தெரியாத வைத்தியர் வருவதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் "இப்ப குளிரும், இப்ப அமுக்கும், மூச்சை விடுங்கோ, இடுப்பைத் தளர்த்துங்கோ" என்ற நான்கு வாக்கியத்தையும் யாராவது அவளுடைய மொழியில், அவளுடைய தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டும். தசை இறுகினால் நோகும், தளர்ந்தால் நோகாது. ஆகவே இது மரியாதைப் பிரச்சினை மாத்திரமல்ல, செய்முறையின் ஒரு பகுதி. பெண் வைத்தியரோ பயிற்சி பெற்ற பெண் தாதியோதான் செய்வார் என்ற உறுதி முன்கூட்டிக் கிடைத்தால், வராமல் இருக்கிற பாதிப் பேர் வருவார்கள் என்று மூதூர், கிண்ணியாப் பெண்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இது தடுக்கக்கூடிய புற்றுநோய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஏறத்தாழ 70 வீதத்துக்கு எச்.பி.வி. (மனிதப் பப்பிலோமா வைரஸ்) என்ற வைரசின் 16ஆம், 18ஆம் வகைகள் காரணம். தொற்றியதில் இருந்து புற்றாக மாறச் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் செல்லும். பிடித்து நிறுத்துவதற்கு அவ்வளவு நீண்ட அவகாசத்தை இந்த நோய் தருகிறது. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறீர்கள்; நன்றி, அது நல்ல வேலை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் ஊசி இல்லாத தலைமுறை. அவர்களுக்கு இந்தக் கட்டிலைத் தவிர வேறு காவல் இல்லை.

வேறு வழி உண்டு என்பதையும் அறிவோம். 2021 இல் உலக சுகாதார அமைப்பு, பாப் பரிசோதனைக்குப் பதிலாக எச்.பி.வி. மரபணுப் பரிசோதனையை முதற் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. களுத்துறை மாவட்டத்தில் அதை முன்னோடியாகச் செய்தும் பார்த்தார்கள். அதற்கான மாதிரியை, ஸ்பெகுலம் இல்லாமல், மென்மையான தூரிகையால் பெண் தானே திரைக்குப் பின்னால் நின்று எடுக்கலாம். எங்கள் மாவட்டத்துக்கு அதை முதலில் கேட்கிறோம், கடைசியில் அல்ல. ஆனால் அது வரும்வரை கட்டிலைத் திருத்தத் தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள். அதில் வைரஸ் காணப்பட்ட பெண்ணும் அடுத்ததாக இதே கட்டிலுக்குத்தான் வருவாள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஊர்வலத்துக்கும் பதாகைக்கும் ஒதுக்கிய பணத்தில் முதற் செலவாக, மாவட்டத்தில் இந்தப் பரிசோதனை நடக்கும் ஒவ்வொரு அறைக்கும் உள்கொண்டி, முழுநீளத் திரை, நெளிகழுத்து விளக்கு, உடுப்புக் கொழுவ ஒரு கொழுக்கி ஆகியவற்றைப் போடுங்கள். கட்டிலை நாளைக்கே திருப்புங்கள். பரிசோதனை அறைக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோவதை எல்லோருக்கும், வைத்தியர் உட்பட, எழுத்தில் தடை செய்யுங்கள். கிளினிக் நாளில் மலசலகூடத்தின் சாவி கதவிலேயே இருக்கட்டும்.

மூன்று அளவு ஸ்பெகுலமும், ஒரு காலைக்கு அழைக்கும் பெண்களின் தொகைக்குக் குறையாமல் கொடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் அழைக்கும் தொகையைக் குறைத்து, நாட்களைக் கூட்டுங்கள். குச்சவெளி, வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற தூர இடங்களுக்கு மாதத்தில் ஒரு நாள் பெண் வைத்தியர் அல்லது பயிற்சி பெற்ற தாதியுடன் கிளினிக் போக வேண்டும். அந்த நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு கிளினிக்கிலும் எத்தனை சிலைட் "போதாது" என்று திரும்பி வந்தது என்பதை மாதாமாதம் கணக்கெடுத்து, கூடுதலாக வந்த இடத்துக்குப் பயிற்சி கொடுங்கள், தண்டனை அல்ல. பெண்ணைத் திரும்ப அழைக்கும்போது, சிலைட் பழுதானதால் அழைக்கிறோமா, மாற்றம் காணப்பட்டதால் அழைக்கிறோமா என்பதை அவளிடம் அன்றே சொல்ல வேண்டும்.

நல்ல முடிவு உட்பட எல்லா முடிவுகளையும், அவரவர் மொழியில், மூடிய உறையில், பெண்ணின் கையிலேயே கொடுங்கள். எத்தனை வாரத்துக்குள் கொடுப்பீர்கள் என்பதை நீங்களே தீர்மானித்து, அந்த இலக்கத்தைக் கிளினிக் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அதற்குள் கிடைக்காதவள் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒரு பதவியின் பெயரையும் அதன் கீழே எழுதுங்கள்.

இவற்றில் எது எப்போது நடக்கும், எது நடக்காது, ஏன் நடக்காது என்பதற்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை நகரம், உப்புவெளி, கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பகுதிப் பெண்களும்
ஓய்வுபெற்ற சுகாதார உத்தியோகத்தர் சிலரும்